அரசாங்கம் ஒப்புக்கொண்ட அண்ணாச்சி

திங்கள்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் தெருவில் யாராவது தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக் கிடந்தால் அது நாறும்பூநாதன் அண்ணாச்சி. மயங்கி விழுந்துவிட்டார் என்று நினைத்துத் தண்ணீர்ச் செம்போடு ஓடிவந்த புதுக் குடித்தனக்காரர்கள் உண்டு. ஸ்கூட்டரின் இரும்பு உடம்பில் வெட்டியிருக்கும் சேசிஸ் நம்பரின் மேல் ஒரு தாள் துண்டை வைத்து, பென்சிலைச் சாய்த்து, பைய பையத் தேய்த்துக்கொண்டிருப்பார். தாளில் நம்பர் ஏற வேண்டும். அதிலும் ஐந்தின் வால் வளைந்திருக்க வேண்டும், எட்டின் இடுப்பு ஒடுங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கசக்கிப் போட்டுவிட்டு இன்னொரு துண்டு எடுப்பார்.

ஆர்.டி.ஓ. ஆபீஸில் விண்ணப்பத்தோடு அந்தத் தாளை ஒரு தடவை ஒட்டிக் கொடுத்தால் போதும். அண்ணாச்சி வாரா வாரம் புதிதாக எடுத்தார்.

"போன வாரம் எடுத்தது இருக்குல்லா அண்ணாச்சி?" என்று கேட்டால் தரையிலிருந்தே பதில் வரும்.

"அதைத்தான் திருப்பிக் குடுத்துட்டாவல்லா. திருப்பிக் குடுத்ததையே மறுபடி கொண்டு நீட்டுனா மரியாதையா இருக்காது லே."

மரியாதை விஷயத்தில் அவர் பம்பாய்க்காரர். இருபத்திரண்டு வருஷம் அங்கே ஒரு மருந்துக் கம்பெனிக் கட்டடத்தில் லிப்ட் ஓட்டியவர். எட்டு மாடி. "இருவத்திரெண்டு வருசம் ஓட்டுனேன், ஒரு ஊருக்கும் போய்ச் சேரல" என்பார். கட்டடத்தை இடித்தபோது இவரையும் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். இங்கே வந்த நேரம், ஜங்ஷனில் ஒரு ஜவுளிக்கடையில் புதிதாக லிப்ட் வைத்தார்கள். அதை ஓட்டத் தெரிந்த மனிதர் ஊரில் இவர் ஒருவர்தான் என்பதால் வேலை தானாக வந்தது. மூன்றே மாடி. எங்கள் ஊர் ஜனம் லிப்டைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு ஏறுகிறது. மேலே போனபிறகு செருப்பு ஞாபகம் வந்து மறுபடி கீழே வருகிறது. அண்ணாச்சி யாரையும் பார்த்துச் சிரிக்காமல், லிப்டுக்குள்ளேயே செருப்புக்கு ஒரு அட்டைப்பெட்டி வைத்திருக்கிறார்.

இருபத்திரண்டு வருஷம் ஒரு பெட்டிக்குள் நின்றால் மனிதனுக்குச் சில பழக்கங்கள் வந்துவிடும். மூடிய கதவைக் கண்டால் தட்டமாட்டார். அதுவாகத் திறக்கும் என்று நின்றுகொண்டிருப்பார். யார் வீட்டுக்குப் போனாலும் கதவோரமாக ஒதுங்கி நின்று, உள்ளே வருகிறவர்களிடம் "எங்க போணும்?" என்று கேட்பார். எங்கள் வீட்டில் எங்கள் அப்பாவையே அப்படிக் கேட்டார். அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அடுக்களைக்கு" என்றார்.

இன்னொரு பழக்கம் வரிசை. ரேஷன் கடையோ, தபால் ஆபீஸோ, எங்கே போனாலும் முன்னால் நிற்கிற ஆளுக்கு நேர் பின்னால், ஒரு முழம் இடைவெளி விட்டு நிற்பார். அவருக்குப் பின்னால் யாரும் வந்து நிற்கமாட்டார்கள். சுற்றி இருபது பேர் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு ஜன்னலுக்குள் கையை விட்டுக்கொண்டிருக்கையில், அண்ணாச்சி ஒற்றை ஆளாக ஒரு வரிசை நடத்திக்கொண்டிருப்பார்.

வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பஜாஜ் ஸ்கூட்டர். இடதுபக்கம் தொட்டி மாதிரி ஒரு சைடு கார். அதன் கதவு மற்ற வண்டிகளில் போல் பக்கவாட்டில் திறக்காது. கீழ்ப்பக்கமாக மடிந்து பலகை போல் விழும். பம்பாய்ப் பட்டறை ஒன்றில் அண்ணாச்சி நின்று சொல்லிச் சொல்லிச் செய்த வேலை. அவர் சம்சாரம் கோமு மதினிக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைநாளில் மின்சார ரயிலில் ஏறும்போது போனது. கால் போனதைப் பற்றி மதினி பேசி நான் கேட்டதில்லை. ஆனால் யாராவது கைத்தாங்கலாகப் பிடிக்க வந்தால் கம்பை ஓங்குவார். அந்தப் பலகைக் கதவில் உட்கார்ந்து, உள்ளே நகர்ந்து, கொக்கியை மாட்டி, தானாகவே ஏறிக்கொள்ள முடியும் என்பதுதான் அந்த வண்டியின் மகிமை.

எங்கள் தெருப் பையன்கள் ஒருநாள் சைடு காரில் சாக்பீசால் 'இடைநில்லாப் பேருந்து' என்று எழுதிவைத்தார்கள். பையன்கள் என்றால் யார் என்று விசாரிக்க வேண்டாம். அண்ணாச்சி அழிக்கவில்லை. முகவாயைத் தடவியபடி வாசித்துவிட்டு, "இதுக்கு பெர்மிட் தனியால்லா வாங்கணும்" என்றார்.

வேறு மாநிலத்திலிருந்து வந்த வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்குள் இங்கே பதிந்துகொள்ள வேண்டும். பம்பாயிலிருந்து 'எங்களுக்கு ஆட்சேபணை இல்லை' என்று ஒரு தாள் வர வேண்டும். அண்ணாச்சி மாதம் ஒரு கடிதம் எழுதினார். அவர்களுக்கு ஆட்சேபணை இல்லை என்பதைத் தெரிந்துகொள்ள அவர்களுக்கு ஒரு வருஷம் பிடித்தது. அதற்குள் லைசென்ஸும் காலாவதி ஆகியிருந்தது. தாள் வந்த மறுவாரம், மதினியை ஏற்றிக்கொண்டு வண்ணார்பேட்டை வரை போனவரை ஒரு போக்குவரத்துப் போலீஸ்காரர் நிறுத்தினார். வெள்ளை ஹெல்மெட்தான் காரணம். அந்த வருஷத்தில் எங்கள் ஊரில் தலையில் அப்படி ஒன்றைக் கவிழ்த்துக்கொண்டு போனவர் அவர் ஒருவர்தான்.

"எந்த ஊரு வண்டி வே இது?"

"பம்பாய், ஐயா."

"வந்து எத்தன நாளாச்சு?"

"பதிமூணு மாசம் ஆறு நாளு."

போலீஸ்காரரே ஒரு நிமிஷம் வருத்தப்பட்டாராம். "ஆறு நாளை யாரு வே கேட்டா? ஒரு வருசத்துக்கு மேல ஆச்சுன்னா இங்கத்த நம்பர் இல்லாம ஓட்டக் கூடாதுல்லா. சீக்கிரம் மாத்திட்டு ஓட்டும், போம்" என்று கையைக் காட்டிவிட்டார். போம் என்றால் ஓட்டிக்கொண்டு போம் என்றுதான் யாருக்கும் அர்த்தமாகும். அண்ணாச்சி இறங்கினார். எஞ்சினை அணைத்தார். மதினி உள்ளே இருக்க, ஹெல்மெட்டோடு, ஆற்றுப் பாலத்தைக் கடந்து, ஜங்ஷனைக் கடந்து, ஈரடுக்குப் பாலத்தில் ஏற்றி, டவுன் வரைக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தார்.

"ஓட்டுனாத்தான் குத்தம். உருட்டுனா குத்தமில்ல" என்றார் எங்களிடம்.

மதினி வேறு மாதிரி சொன்னார். "ஊர்ப்பட்ட சனம் நின்னு பாக்கு. நெல்லையப்பர் தேரு மாதிரி என்னைய வச்சி இழுத்துட்டு வாராவ. வடம் பிடிக்கத்தான் ஆளில்ல. இனி பேப்பர் கைக்கு வாரவரைக்கும் நான் இதுல கால் வைக்க மாட்டேன்." கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, "இருக்கது ஒண்ணு, அதையும் வைக்க மாட்டேன்" என்றார்.

அவர் சொன்னால் சொன்னதுதான். வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டார்.

இதற்கு நடுவில் முக்கூடலிலிருந்து பத்திரிகை வந்தது. மதினியின் அக்கா மகள் மதுமதிக்குக் கல்யாணம், தை கடைசி வெள்ளி. மதுமதி என்று பேர் வைத்ததே மதினிதான், பம்பாயிலிருந்து தபாலில். பிள்ளைக்கு இருபத்தோரு வயதாகிவிட்டது. வைத்த பேரைப் பந்தலில் ஒருதடவை வாயாரக் கூப்பிட வேண்டும் என்பதைத் தவிர மதினிக்கு வேறு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை.

"ஆட்டோ பிடிச்சிட்டுப் போயிருவோம் கோமு" என்று அண்ணாச்சி கேட்டது தெருவரைக்கும் கேட்டது. மதினி சொன்ன பதிலும்.

"பஸ்ஸுன்னா ரெண்டு பேரு தூக்கணும். ஆட்டோன்னா ஒருத்தன் தூக்கணும். கல்யாண வீட்டு வாசல்ல வச்சி எல்லாரும் பாக்க எறக்கி வைக்கதுக்கு நான் என்ன சீர்வரிசையா? என் வண்டியில போயி நானா எறங்கணும். முடியலைன்னா நீங்க மட்டும் போயிட்டு வாங்க. நான் கோவிச்சுக்கிட மாட்டேன்."

கோவிச்சுக்கிட மாட்டேன் என்றதும்தான் அண்ணாச்சிக்குப் பயம் வந்தது. மார்கழியிலிருந்தே திங்கள்கிழமைதோறும் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஆபீஸுக்குப் போனார். அங்கே எட்டுப் போடும் மைதானத்தில் ஆட்கள் விழுவதைப் பார்ப்பது எங்கள் நாலைந்து பேருக்கு வாராந்தர வேலை. பள்ளிக்கூடத்தோடு எங்களுக்கு உடன்பாடு இல்லாமல் போய்க் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. வழி ஒன்றாக இருந்ததால் சைடு காரில் கை வைத்தபடி நடந்தோம். பாலத்து ஏற்றத்தில் கை கொஞ்சம் பலமாக இருந்திருக்கலாம்.

ஆபீஸில் வண்டியைப் பற்றி யாருக்கும் புகார் இல்லை. புகார் எல்லாம் பேரைப் பற்றி.

இங்கே உள்ளவர்களுக்குத் தலைப்பெழுத்து ஒன்று, பேர் ஒன்று. பம்பாய்ப் பாரத்தில் மூன்று கட்டம்: பேர், அப்பா பேர், குடும்பப் பேர். லைசென்ஸ் எடுக்கப் போன அன்று நாறும்பூநாதன் என்ற பேரை அந்த ஊர் குமாஸ்தா மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத் தண்ணீர் குடித்தாராம். கட்டத்தில் இடம் போதாது என்று 'என்' போட்டார். அப்பா சங்கரலிங்கத்துக்கு 'எஸ்'. அடுத்தது குடும்பப் பேர் என்ன என்று கேட்டார். அப்படி ஒன்று எங்களுக்கு இல்லை என்றார் இவர். குடும்பம் இல்லாத மனுஷனா என்றார் அவர். துணைக்குப் போயிருந்த மேலப்பாளையம் ஹபீப் முகம்மது பின்னாலிருந்து, "அண்ணாச்சி, எதையாச்சும் சொல்லிட்டு வாரும். டூட்டிக்கு நேரமாச்சு" என்று சத்தம் போட, குமாஸ்தா முகம் மலர்ந்து எழுதிக்கொண்டார். லைசென்ஸில் ஏறியது: என். எஸ். அண்ணாச்சி. பிறகு வாங்கிய வண்டியின் ஆர்.சி. புத்தகத்திலும் அதே.

பம்பாயில் இதனால் ஒரு தொந்தரவும் இல்லை. மதினிக்கு மட்டும் ஆஸ்பத்திரிச் சீட்டில் 'திருமதி கோமு அண்ணாச்சி' என்று வந்திருக்கிறது. "கட்டுனவரையே அண்ணாச்சியாக்கிப் போட்டானுவ. நல்லவேளை, நம்மூர்ல யாரும் பாக்கல" என்று அதை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டாராம்.

இப்போது நம்மூரில் பார்த்தார்கள். பதிவுப் பிரிவில் இருந்தவர் ஜெபராணி அம்மாள். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர். ரேஷன் கார்டையும் பம்பாய்த் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"அண்ணாச்சி, இங்கன பாருங்க. இந்த வண்டி யாருக்கு உள்ளது?"

"எனக்கு."

"இதுல அண்ணாச்சின்னுல்லா போட்டிருக்கு. அது யாரு?"

"நாந்தான்."

"நீங்க அண்ணாச்சிதான், யாரு இல்லைன்னா? இந்த அண்ணாச்சி யாருன்னு கேக்கேன்."

"அதும் நாந்தாம்மா."

"நாளைக்கு வெளிய டீ ஆத்துதாரே அந்த அண்ணாச்சி வந்து நாந்தான் அதுன்னா நான் என்ன செய்ய? எங்க வீட்டுக்காரரையே பாதிப் பேரு அண்ணாச்சிங்காவ. அவரு வந்து கேட்டாலும் குடுத்துர முடியுமா?"

அண்ணாச்சி ஜன்னலுக்கு முன்னால் நேராக நின்றபடியே யோசித்தார். "உங்க வீட்டுக்காரருக்கு சைடு கார் ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டார். ஜெபராணி அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அடுத்த திங்கள் வாங்க" என்றார்.

அடுத்த திங்கள் அதைவிட மோசம். பியூன் தாழ்வாரத்துக்கு வந்து பைலைப் பார்த்து, உள்ளது உள்ளபடி உரக்கக் கூப்பிட்டார்: "அண்ணாச்சீ! அண்ணாச்சி யாரு, வாரும்!"

வேப்பமரத்தடியில் பீடி பிடித்துக்கொண்டிருந்த லாரி முதலாளி எழுந்தார். எட்டுப் போட வந்த வாத்தியார் எழுந்தார். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கிளாசோடு திரும்பினார். ஒன்பது பேர் எழுந்து, "என்னையா வே?" என்று தாழ்வாரத்தை மொய்த்தார்கள். எழுந்திருக்காத ஒரே ஆள் எங்கள் அண்ணாச்சி. வேறு யாரையோ மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டு நின்றார். ஒன்பது பேரையும் விசாரித்து அனுப்பிவிட்டு, 'ஆள் வரவில்லை' என்று எழுதி பைலைக் கட்டிவிட்டார்கள். நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். திரும்பும்போது பாலத்தில் யாரும் சிரிக்கவில்லை. கல்யாணத்துக்குப் பதினோரு நாள்தான் இருந்தது.

இரண்டு பேரும் ஒரே ஆள் என்று வக்கீலிடம் சத்தியப் பத்திரம் வாங்கி வரச் சொல்லியிருந்தார் ஜெபராணி அம்மாள். 'என். எஸ். அண்ணாச்சி என்பவரும் ச. நாறும்பூநாதன் என்பவரும் இருவர் அல்ல, ஒருவரே' என்று டைப் அடித்தார்கள். தெரிந்த சாட்சி ஒருவர் வேண்டும். மேலப்பாளையத்துக்கு ஆள் போயிற்று. ஹபீப் முகம்மதுவும் ஊரோடு வந்து தறிநூல் வியாபாரம் செய்துகொண்டிருந்தார். அடுத்த திங்கள்கிழமை சலவைக் கைலியும் அத்தர் மணமுமாக வந்து இறங்கினார்.

"என் வாயால வந்த வினையா வே இது? அன்னைக்கு நான் 'வாப்பா'ன்னு கூப்பிட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"எங்கப்பா ரெண்டு கட்டத்துல ஏறியிருப்பாரு" என்றார் அண்ணாச்சி.

ஹபீப் முகம்மது கையெழுத்துப் போட்டார். பைல் மாடிக்குப் போயிற்று. ஜெபராணி அம்மாளும் பின்னாலேயே போனார். மாடி ஜன்னலுக்குக் கீழே நாங்கள் நின்றுகொண்டிருந்ததால் அதிகாரியின் குரல் நன்றாகக் கேட்டது.

"அண்ணாச்சிங்கது பேரு இல்லம்மா, மரியாதை. மரியாதையை எப்படி ரிஜிஸ்டர்ல ஏத்துவீங்க?"

"பம்பாய்க்காரன் ஏத்திட்டான் சார். நாம எப்படி எறக்க?"

"அங்கயே எழுதிக் கேப்போம். திருத்தி அனுப்பட்டும்."

"ஆட்சேபணை இல்லைன்னு சொல்லவே ஒரு வருசம் ஆச்சு சார். அந்த ஆளு வீட்டுல ஒரு கல்யாணத்துக்குப் போணுமாம்."

"அதுக்கு நான் என்ன செய்ய? சாட்சி ஒரு ஆள்தான் இருக்கு. இவரை ஊர்ல நாலு பேரு அண்ணாச்சின்னு கூப்பிடுதாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பேசிக்கொண்டே அதிகாரி சாப்பாட்டுக்கு இறங்கி வருவதைப் படிக்கட்டு ஜன்னல் வழியே பார்த்தோம். பைலை நெஞ்சோடு அணைத்தபடி ஜெபராணி அம்மாள் இரண்டு படி பின்னால். மாடிப்படிக்குக் கீழே கதவு ஒன்று இருந்தது. மூடியிருந்தது. அதற்கு முன்னால் உள்பக்கத்தில், அதுவாகத் திறக்கும் என்று வழக்கம்போல் காத்துக்கொண்டிருந்தார் நாறும்பூநாதன். அதிகாரிக்கு வெளியே போக வழியில்லை.

"அண்ணாச்சி, கொஞ்சம் ஒதுங்குங்க" என்றார் அதிகாரி.

ஜெபராணி அம்மாள் படியிலேயே நின்றுவிட்டார். "சார்."

"என்ன?"

"இவருதான் சார் அது. நீங்களே சொல்லிட்டீங்க."

அதிகாரி முன்னாலும் பின்னாலும் பார்த்தார். அண்ணாச்சி இதற்குள் கதவைத் திறந்து ஓரமாகப் பிடித்துக்கொண்டு, "கீழயா சார்?" என்று கேட்டார். இதற்குக் கீழே மாடி ஏது என்று அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படியின் கைப்பிடிச் சுவரிலேயே பைலை வைத்து, 'அண்ணாச்சி என்கிற நாறும்பூநாதன்' என்று எழுதி ஒப்பமிட்டார். வண்டியை வந்து ஒரு சுற்றுப் பார்த்தார்கள். பென்சில் தாளில் ஐந்தின் வால் அழகாக வளைந்திருந்ததை யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை.

லைசென்ஸும் ஆர்.சி. புத்தகமும் வியாழக்கிழமை மத்தியானம் கைக்கு வந்தன. மறுநாள் கல்யாணம். எங்கள் ஜில்லாவில் ஆயிரம் அண்ணாச்சிகள் இருக்கலாம், அரசாங்கம் ஒப்புக்கொண்ட அண்ணாச்சி இவர் ஒருவர்தான். இதை நான் ஊரெல்லாம் சொல்லி, இப்போது கலெக்டரே வந்தாலும் இவரை அண்ணாச்சி என்று கூப்பிடாவிட்டால் சட்டப்படி குற்றம் என்று ஒரு வதந்தியும் கிளப்பிவிட்டேன். சிலர் இன்னும் நம்புகிறார்கள்.

வெள்ளிக்கிழமை விடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. டி.என். 72 என்று எழுதிய பெயின்ட் இன்னும் பளபளத்தது. மதினி அரக்குப் பட்டும் தலை நிறையப் பிச்சிப்பூவுமாகக் கம்பை ஊன்றி வாசலுக்கு வந்தார். அண்ணாச்சி சைடு காரின் பலகைக் கதவை இறக்கினார். தோளில் கிடந்த துண்டால் இருக்கையை ஒருதடவை தட்டினார். பிறகு அவர் செய்ததை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. வண்டிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, சட்டைப்பையிலிருந்து புது ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பிரித்து வாசிக்க ஆரம்பித்துவிட்டார்.

பின்னால் கம்பு தரையில் தட்டும் சத்தம். பலகை முனகியது. கண்ணாடி வளையல் இரும்பில் உரசியது. மூச்சு ஒன்று இழுத்து, நின்று, மறுபடி இழுத்தது. எங்களில் ஒருவன் ஓர் அடி எடுத்துவைத்தான். புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே அண்ணாச்சி ஒரு விரலை உயர்த்தினார். அவன் நின்றுவிட்டான். நாங்கள் எல்லோரும் எதிர் வீட்டுச் சுவரைப் பார்த்தோம். அதில் பார்க்க ஒன்றும் இல்லை.

ஓரக்கண்ணால் பார்த்தபோது புத்தகம் தலைகீழாக இருந்தது. அண்ணாச்சியின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. கொக்கி மாட்டும் சத்தம் கேட்டது. அப்போதும் அவர் திரும்பவில்லை. இன்னொரு பக்கத்தைப் புரட்டி, அதையும் கடைசி வரி வரைக்கும் வாசித்தார்.